*வேதேதி: 'யார் கண்டா'வும் செக் 'வீம்'மும்

பிப்ரவரி 4, காலை

தம்பி ஒருத்தர் கேட்டத அப்படியே போடுறேன்: "அண்ணே, நீங்க செக் நாட்டுல இருக்கீங்க, அங்க சயின்ஸுக்குப் பேரே 'வ்யெதா'வாமே. ரஷ்யன்ல 'வேதத்'னா தெரிஞ்சிருக்கிறதாம். சோவியத், இஸ்வெஸ்தியா, மெத்வெதேவ் எல்லாத்துலயும் வேதம் இருக்கு, ஸ்லாவ் பாஷை எல்லாமே சமஸ்கிருதத்துல இருந்து பிரிஞ்சு போனதுதான்னு ஒரு பெரிய மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துது. நெசமா?"

பாதி நெசம், அந்தப் பாதிதான் ருசியான பாதி. வ்யெதா, வேதத், நம்ம ஊர்ல சொல்ற வேதம், மூணும் ஒரே வேர்தான், அதுல சந்தேகமே வேண்டாம். சோவியத், இஸ்வெஸ்தியா கூட சரிதான். ஆனா "பிரிஞ்சு போனது"ங்கிறது தப்பு. சமஸ்கிருதம் ஸ்லாவுக்கு (ரஷ்யன், செக், போலிஷ் எல்லாம் சேர்ந்த பாஷைக் குடும்பம்) அம்மா இல்ல, பெரியம்மா பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஆச்சி ஒருத்தி, அவ பேசினத யாரும் எழுதி வைக்கல. தமிழ்ல இருக்கிற 'வேதம்' மட்டும்தான் சமஸ்கிருதத்துல இருந்து நாம வாங்குனது, ஸ்லாவ்காரங்க யார்கிட்டயும் வாங்கல, அவங்க வீட்டுச் சொத்து அது. எப்படித் தெரியும்னு ராத்திரி எழுதுறேன், இப்ப ட்ராமுக்கு நேரமாச்சு.

பிப்ரவரி 4, ராத்திரி

பர்னோவுக்கு (செக் நாட்டுல நான் இருக்கிற ஊரு) வந்த புதுசுல நான் முதல்ல பிடிச்ச செக் வார்த்தை 'நெவீம்'. கீழ் வீட்டுப் பாட்டிகிட்ட எதக் கேட்டாலும், லிஃப்ட் எப்ப சரியாகும், தபால்காரர் வந்தாரா, எதுக்கும் தோளத் தூக்கி "நெவீம், நெவீம்"னுவாங்க. தெரியாதுன்னு அர்த்தம். வீம்னா எனக்குத் தெரியும். வீம், வீஷ், வீ, அப்புறம் அவங்களுக்குத் தெரியும்ங்கிறதுக்கு மட்டும் 'வ்யெத்யீ'. போலந்துல 'வியெம்', ஸ்லோவாக்லயும் கிட்டத்தட்ட அதே, ஸ்லோவேனியால 'வேம்'. இதெல்லாத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோனா மூல ஸ்லாவ்ல *வேதேதி, தெரிஞ்சிருக்கிறதுன்னு ஒரு வினைச்சொல் நிக்குது. முன்னாடி இருக்கிற நட்சத்திரக் குறி எதுக்குன்னா, அந்த வடிவம் எந்த ஓலையிலயும் கல்லுலயும் கிடைக்கல, வாரிசுங்கள வச்சுக் கணக்குப் போட்டு எடுத்ததுன்னு அர்த்தம். ஸ்லாவ் மொழிக்கு எழுத்துல நல்லா கிடைக்கிறதே 9ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம்தான், 863ல ஸ்லாவுக்கு எழுத்து கொண்டுவந்த கிறிஸ்துவ போதகருங்க சிரிலும் மெத்தோடியும் கிரேக்க நாட்டுப் பக்கம் இருந்து வந்து இறங்குனது நான் இருக்கிற இந்த மொராவியாவுலதான்.

அவங்க ஆரம்பிச்சு வச்ச பழைய சர்ச் ஸ்லாவ்ல 'வேமி'னா எனக்குத் தெரியும். அந்த -மி வால கவனிங்க. ஸ்லாவ்ல பெரும்பாலான வினைக்கு அந்த வால் கிடையாது, இரு, கொடு, சாப்பிடு, தெரி மாதிரி விரல் விட்டு எண்ணுற அளவு பழைய வினைக்கு மட்டும்தான். அதுதான் தேய்ஞ்சு இன்னிக்கு செக் வீம்ல 'ம்'மா நிக்குது. கடன் வாங்குன வார்த்தை இந்த மாதிரி ஆதிகாலத்து விகுதியோட வந்து இறங்காது, வந்த வார்த்தைய பொதுவா எல்லாரும் போற ரோட்டுலதான் விடுவாங்க. அதான் முதல் சாட்சி.

ரெண்டாவது, ஞானம். சமஸ்கிருதத்துல ஜ்ஞா, ரஷ்யன்ல 'ஸ்நத்', இதுக்கும் தெரிஞ்சிருக்கிறதுன்னுதான் அர்த்தம். ஆச்சி காலத்துல இருந்த ஒரு மென்மையான 'க' மாதிரி ஒலி சமஸ்கிருதத்துல ஜ ஆச்சு, ஸ்லாவ்ல ஸ ஆச்சு (வண்டு சத்தம் வர்ற ஸ). ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போன பாதை. ஒண்ணு இன்னொண்ணுல இருந்து வந்திருந்தா இப்படி வராது. தமிழனுக்கு இதுல ஒரு சந்தோஷம் என்னன்னா, வேதமும் ஞானமும் ரெண்டுமே நம்ம வாயில இருக்கு, செக்காரங்களுக்கு வ்யெத்யெத்தும் ஸ்நாத்தும் ரெண்டும் இருக்கிற மாதிரி. செக்ல விஷயம் தெரியும்னா முதல் ஆள், ஆளத் தெரியும்னா ரெண்டாவது ஆள். ரஷ்யன்லதான் ரெண்டாவது ஆள் வந்து முதல் ஆள வீட்ட விட்டே துரத்திட்டான்.

பிப்ரவரி 5

முழுசா துரத்தலன்னு சொல்லணும். ரஷ்யன்ல 'வேதத்' இப்பவும் இருக்கு, ஆனா ஒரு காரியத்த பொறுப்பா பாத்துக்கிறதுங்கிற அர்த்தத்துக்கு நகர்ந்திடுச்சு, அரசாங்கத் துறைக்கு 'வேதம்ஸ்த்வோ'ன்னு பேரு. இன்னொரு மூலையில 'போக் வேஸ்த்'னு ஒண்ணு பத்திரமா இருக்கு. போக்னா கடவுள், வேஸ்த்ங்கிறது 'அவனுக்குத் தெரியும்'ங்கிற பழைய வடிவம். தனியா அதை யாரும் பேசறதில்ல, கடவுளோட சேர்த்து மட்டும்தான். நம்ம "ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்" அப்படியே. அங்க தெரியறது, இங்க வெளிச்சம்.

பிப்ரவரி 6

ரஷ்யாவுல அதிபரா இருந்த மெத்வெதேவோட பேர்க் கதைக்கு வர்றேன். மெத்வேத்னா கரடி. "மெத்னா தேன், வேத்னா அறிஞ்சவன், தேன் இருக்கிற இடம் தெரிஞ்சவன்"னு அந்த மெசேஜ்ல போட்டிருக்கு, கேக்க அழகாத்தான் இருக்கு, ரஷ்யாவுலயே நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா வெட்ட வேண்டிய இடம் வேற. மெத்வ் + ஏத். மது-ங்கிற சொல்லோட கடைசி உ, உயிரெழுத்து முன்னாடி வந்தா வ் ஆகிடும், நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம், திரு + ஆரூர் திருவாரூர்னு தினம் பாக்குறோம் (நமக்கு உ போகாம வ் கூட வரும், அவங்களுக்கு உ-வே வ் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்). ஏத்ங்கிறது சாப்பிடுறது. ஆக தேன்தின்னி. ரிக் வேதத்துலயே 'மத்வத'ன்னு தேன் தின்னுறதுங்கிற சொல் இருக்கு, அதே கூட்டு.

கரடியோட நெசமான பேர ஸ்லாவ்காரங்க சொல்ல பயந்து விட்டுட்டாங்க. கிரேக்கத்துல அர்க்தோஸ், லத்தீன்ல உர்சுஸ், சமஸ்கிருதத்துல ருக்ஷன்னு மத்தவங்க வச்சிருக்கிற அந்தப் பழைய பேரு ஸ்லாவ்ல சுத்தமா இல்ல. ராத்திரி நேரத்துல பாம்புன்னு சொல்லாம கயிறுன்னு சொன்ன வீட்டுல வளந்தவன் நான், எனக்கு இதுல எந்த ஆச்சரியமும் இல்ல.

பிப்ரவரி 9

முக்கியமான திருத்தம். 4ஆம் தேதி காலையில அவசரத்துல "சோவியத் சரிதான்"னு எழுதிட்டேன். தப்பு. சோவியத்துக்கும் வேதத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

எப்படிப் புரிஞ்சுதுன்னு சொல்லிடுறேன். பொண்ணு மூணாங்கிளாஸ், நேத்து சாயங்காலம் செக் இலக்கண நோட்டு விரிச்சு வச்சு வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டுட்டிருந்தா. பக்கத்துல என் நோட்டு, இந்த விஷயமெல்லாம் நான் தமிழ் எழுத்துலதான் குறிச்சு வைப்பேன். அதுல 'வ்யெதா - சயின்ஸ்'னு ஒரு வரி, நாலு வரி தள்ளி 'வ்யெதா - வாக்கியம்'னு இன்னொரு வரி. தமிழ் படிக்கத் தெரியும் அவளுக்கு, எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "அப்பா, ரெண்டும் ஒண்ணுன்னு எழுதியிருக்க, ஒண்ணு இங்க, ஒண்ணு இங்க"ன்னு தொண்டையில விரல வச்சுக் காட்டுறா. ஒண்ணுல தொண்டை அதிருது, இன்னொண்ணுல அதிரல. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'த'தானே. எத்தனை வருஷமா இதே நோட்டப் பாத்துட்டிருக்கேன், எனக்குத் தோணவே இல்ல.

இனிமே இங்க அதிராத ஒலிக்கு 'த்த' போடுறேன், தமிழ்க் காதுக்கு அதுதான் கிட்ட வரும். வ்யெதா சயின்ஸ், வ்யெத்தா வாக்கியம். சோவியத் இந்த ரெண்டாவது வீட்டுப் பிள்ளை. மூல ஸ்லாவ்ல *வேத்து, பேச்சு, ஒப்புதல். கூடிப் பேசுறது 'சொவியெத்', அதாவது ஆலோசனை, ஆலோசனை சபை. ரஷ்யன்ல வணக்கம் சொல்ற 'ப்ரிவியெத்', பதில்ங்கிற 'அத்வியெத்', பழைய நோவ்கொரோத் ஊர்ல ஜனங்க கூடுன 'வேச்சே' சபை, எல்லாம் அந்த வீடு.

இஸ்வெஸ்தியா மட்டும் வேத வீட்டுப் பிள்ளைதான், அது நிக்குது. ஸ்லாவ்ல ஒரு விதி, த-வோட (அதிர்றது) இன்னொரு த்த வந்து இடிச்சா ரெண்டும் சேர்ந்து 'ஸ்த்' ஆகிடும். வேத் + தி, வேஸ்தி, அதாவது தெரியவந்த விஷயம், செய்தி. இஸ்வெஸ்தியா 1917ல ஆரம்பிச்ச பத்திரிகை, ப்ராவ்தா 1912. ப்ராவ்தான்னா உண்மை. ப்ராவ்தால சேதி இல்ல, இஸ்வெஸ்தியால உண்மை இல்லன்னு சோவியத் காலத்து ஜனங்க சொல்லிச் சிரிப்பாங்களாம். அதுக்கும் முன்னாடி பீட்டர் மன்னர் காலத்துல 1703ல வெளிவந்த பத்திரிகைக்குப் பேரு 'வேதமஸ்தி'. போலந்துல இன்னிக்கும் நியூஸுக்கு 'வியாதொமோஷ்சி'. ஒரு வேர் முந்நூறு வருஷமா பேப்பர் போட்டுட்டிருக்கு.

பிப்ரவரி 16

நேத்து ஆஃபீஸ் நண்பருக்குக் கல்யாணம், டவுன்ஹால்ல. சாட்சிக் கையெழுத்துப் போட என்னக் கூப்பிட்டிருந்தார், இங்க கல்யாணத்துக்கு ரெண்டு சாட்சி வேணும். பதிவு முடிஞ்சு பேனாவ என் கையில குடுத்தாங்க, பாத்தா காயிதத்துல மேல 'நெவ்யெஸ்தா'ன்னு மணப்பொண்ணு பேரு, கீழ 'ஸ்வ்யெதெக்'னு என் பேரு. மை இன்னும் காயல அவங்க கையெழுத்துல, நான் பேனாவ வச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தையையும் மாறி மாறிப் பாத்துட்டு நின்னேன். ரெண்டுலயும் நடுவுல ஒரே துண்டு.

ஸ்வ்யெதெக்னா சாட்சி. ஸ் = கூட, வ்யெத் = தெரிஞ்சிருக்கிறது. கூட இருந்து தெரிஞ்சவன். போலந்துல 'ஷ்வியாதெக்', செர்பியால 'ஸ்வெதொக்'. இதே கூட்டுல இருந்து வந்தது செக் 'ஸ்வ்யெதொமீ', மனசாட்சி. ரஷ்யன்ல 'சோவெஸ்த்', அதே. கிரேக்கத்துல மனசாட்சிக்கு இருந்த 'சுனெய்தேசிஸ்'ங்கிற சொல்ல துண்டு துண்டா மாத்தி எடுத்தது, அந்த கிரேக்கச் சொல்லுக்குள்ளயும் இதே வேர்தான் இருக்கு. இப்ப தமிழுக்கு வாங்க. சாட்சி, மனசாட்சி. செக்காரங்க போட்ட அதே ஜோடி! சாட்சி வடமொழி 'சாக்ஷி', ச = கூட, அக்ஷி = கண்ணு. கண்ணோட இருந்தவன். அவங்க சாட்சிக்குள்ள அறிவு, நம்ம சாட்சிக்குள்ள கண்ணு.

போன மாசக் கடைசியில பொண்ணு கொண்டுவந்த மார்க் ஷீட்டுக்கும் 'விஸ்வ்யெத்செனீ'ன்னுதான் பேரு. சாட்சிப் பத்திரம். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கோம், இத்தனை நாள் நான் அதைப் பிரிச்சே பாக்கல.

பிப்ரவரி 16, கொஞ்ச நேரம் கழிச்சு

ரஷ்யன்ல சாட்சிக்கு 'ஸ்விதேத்தெல்'னு இருக்கேன்னு கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். பழைய ரஷ்யன்ல அது 'சுவேதேத்தெல்', கூடத் தெரிஞ்சவன்தான். அப்புறம் ஜனங்க காதுல 'விதெத்', அதாவது பாக்குறது, ஒட்டிக்கிட்டு, சாட்சின்னா கண்ணால பாத்தவன்தானேன்னு உள்ள இருந்த வேத்-ஐ வித்-ஆ மாத்திட்டாங்க. அதாவது ரஷ்யாக்காரங்க தெரியாமலே நம்ம 'சாக்ஷி' பக்கம் நடந்து வந்துட்டாங்க.

ஆனா இதுல ஒரு வேடிக்கை, பாக்குறதுக்கு மூல ஸ்லாவ்ல *வீதேதி, தெரியறதுக்கு *வேதேதி. ரெண்டும் கூடப்பிறந்ததுங்க. மாத்துனதும் குடும்பத்துக்குள்ளயேதான் மாத்தியிருக்காங்க.

பிப்ரவரி 22

இன்னிக்கு எழுதுறதுதான் இந்த ரெண்டு வாரத்துல எனக்குக் கிடைச்ச பெரிய சொத்து.

காலையில அம்மாவுக்கு போன். சாத்தூர்ல மாசி வெயில் ஆரம்பிச்சிருச்சாம், மாடியில வத்தல் காயப்போட்டிருக்காங்க, கூழ் வடகம் வேற பிழியணுமாம். "நாளைக்கு மழை கிழை வந்துராதேம்மா"ன்னேன். "யார் கண்டா"ன்னாங்க.

போன வச்சதுக்கப்புறம்தான் உறைச்சுது. யார் கண்டா. நாளைக்கு வரப்போற மழைய யாரு போய்ப் பாத்திருக்க முடியும்? கண்டான்னு இறந்தகாலத்துல சொல்றோம், ஆனா அர்த்தம் 'இப்ப யாருக்குத் தெரியும்'. "நான் என்னத்தக் கண்டேன்"னு சொல்றதும் அதேதான், எனக்கென்ன தெரியும். பாக்குற வினையோட முடிஞ்ச வடிவம், தெரியும்ங்கிற நிகழ்கால அர்த்தம்.

*வேதேதியோட மொத்த ரகசியமும் அதுதான்! ஆச்சி மொழியில *வெய்த்-னா பாக்குறது. அதோட 'பாத்து முடிச்ச நிலை'க்கு உள்ள இருந்த எ, ஒ-வா மாறி *வொய்த-ன்னு ஆகும். பாத்துட்டேன், அதனால இப்ப என்கிட்ட இருக்கு, தெரியும். சமஸ்கிருதத்துல 'வேத'ன்னா அவனுக்குத் தெரியும், கிரேக்கத்துல 'ஒய்த'ன்னா எனக்குத் தெரியும், ஜெர்மன்ல 'வைஸ்', எல்லாம் வடிவத்துல கண்டது, அர்த்தத்துல தெரியும். ஸ்லாவ்ல அந்த ஒய் தேய்ஞ்சு ஏ ஆச்சு, எய் தேய்ஞ்சு ஈ ஆச்சு. அதான் தெரியறது வேத், பாக்குறது வீத்.

இதைப் பாடப் புத்தகத்துல நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மண்டையில ஏத்தியும் வச்சிருந்தேன். அம்மா மாடியில நின்னு வத்தலத் திருப்பிப் போட்டுட்டே சொன்ன ரெண்டு வார்த்தையிலதான் அது எனக்குள்ள போச்சு.

பிப்ரவரி 23

நேத்து எழுதுனதுக்கு ஒரு தங்கச்சி சேர்த்தது: "தெரி-யும் அப்படித்தானேண்ணே? தூரத்துல கோபுரம் தெரியுது, எனக்கு வழி தெரியும்." ஆமாம்மா, இது என்னுதவிட நல்ல உதாரணம், தினமும் வாயில வர்றது. ஒரே வினை, ஒரு பக்கம் கண்ணு, ஒரு பக்கம் அறிவு.

ஆனா ஒண்ண அழுத்திச் சொல்லிடுறேன், இல்லன்னா நாளைக்கே தமிழ்தான் ஸ்லாவுக்கு மூலம்னு புது மெசேஜ் கிளம்பும். தெரி-யும் காண்-உம் திராவிடம், *வெய்த்-தோட உறவு கிடையாது. மனுஷன் எங்க இருந்தாலும் பாத்தத வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறான், அதனால ரெண்டு குடும்பமும் தனித்தனியா ஒரே வழியில நடந்திருக்கு. சொல்லு உறவா இருக்கணும்னா ஒலி வரிசையா ஒத்துவரணும், அர்த்தம் மட்டும் ஒத்துவந்தா பத்தாது.

ஒலி ஒத்துவர்றதுன்னா எப்படின்னு ஒரு சின்ன இடம் காட்டுறேன். பழைய சர்ச் ஸ்லாவ்ல வேமி தவிர 'வேதே'ன்னு இன்னொரு வடிவமும் இருக்கு, அதுக்கும் எனக்குத் தெரியும்னுதான் அர்த்தம். அந்தக் கடைசி ஏ முன்னால ஐ-யா இருந்தது. சீசர் சொன்னதா நாம ஸ்கூல்ல படிச்ச வந்தேன், கண்டேன், வென்றேன்ல அந்தக் கண்டேன் லத்தீன்ல 'வீதி'. அதோட கடைசி ஈ-யும் அதே பழைய ஐ-தான். வால் வரைக்கும் பொருந்துது. ஆனா ரோமாக்காரனுக்கு அது கண்டேன்லயே நின்னுடுச்சு, ஸ்லாவ்காரனுக்குத் தெரியும் ஆகிடுச்சு.

மார்ச் 1

சூனியக்காரிய விட்டுட்டேன்னு ரெண்டு பேரு ஞாபகப்படுத்துனாங்க. ரஷ்யன் 'வேத்மா', போலிஷ் 'வியெஜ்மா', உக்ரைன்ல 'வித்மா', எல்லாம் விஷயம் தெரிஞ்சவங்கிறதுதான். செர்பியால 'வெஷ்திட்சா', அதுவும் இந்த வேர்தான். நம்ம பக்கம் பாத்தா வித்தைக்காரன். வித்தை வடமொழி வித்யா, அதே வேர். வைத்தியரும் அங்க இருந்துதான், வித்யா தெரிஞ்சவர் வைத்யர். கிராமத்துல மருந்து தெரிஞ்சவளையும் மந்திரம் தெரிஞ்சவளையும் ஒரே பேர்ல கூப்பிட்டது ரெண்டு பக்கமும் நடந்திருக்கு.

எனக்கு இதவிடப் பிடிச்சது போலிஷ் 'போவியெஜெச்'. சொல்றதுன்னு அர்த்தம், கடைத்தெருவுல நிமிஷத்துக்கு ஒரு தடவை காதுல விழற வார்த்தை. பிரிச்சா 'தெரிய வைக்கிறது'. நாம அறி - அறிவி, தெரி - தெரிவின்னு போட்டோமே அதே. ஆனா நம்மகிட்ட தெரிவிக்கிறது கல்யாணப் பத்திரிகையிலயும் ஆபீஸ் லெட்டர்லயும் மட்டும்தான் இருக்கு, போலந்துல அதே சரக்கு மீன் கடை வரைக்கும் போயிருக்கு. ரஷ்யன்ல இந்தப் பக்கம் எல்லாம் சர்ச் வாசனையோட நின்னுடுச்சு: 'ஸாபவெத்' கட்டளை, 'ப்ரோபவெத்' பிரசங்கம், 'இஸ்பவெத்' பாவமன்னிப்புக் கேக்குறது. உளவுக்கு 'ரஸ்வியெத்கா'ன்னு ஒண்ணு இருக்கு, துருவித் தெரிஞ்சுக்கிறது, அது மட்டும் பட்டாளத்துல சேர்ந்துடுச்சு.

மார்ச் 8

நெவ்யெஸ்தா பாக்கி இருக்கு. பழைய விளக்கம் நெ + வ்யெத் + தா, தெரியாதவ. புது வீட்டுக்கு வர்ற பொண்ணு, மாமனார் வீட்டு ஆளுங்களுக்கு அறிமுகமில்லாதவ, பேய் பிசாசு கண்ணுக்கும் தெரியாம வச்சுக்கணும்னு அப்படிப் பேரு வச்சாங்கங்கிறாங்க. இன்னொரு கட்சி, இது 'புதுசா கூட்டிட்டு வரப்பட்டவ'ங்கிறது. பொண்ணு கட்டுறத கூட்டிட்டு வர்றதுன்னு சொல்றது லிதுவேனியால இன்னிக்கும் இருக்கு, 'வெஸ்தி'னா கூட்டிட்டுப் போறது, ஆம்பள கல்யாணம் பண்றது ரெண்டும்.

16ஆம் தேதி எழுதுறப்ப எனக்கு ரெண்டாவது பக்கம்தான் மனசு சாஞ்சிருந்தது, நம்ம ஊர்லயும் "பொண்ணு கட்டிக் கூட்டியாந்தான்"னுதானே சொல்றோம்னு. இப்ப மாறிட்டேன். கூட்டிட்டுப் போற வேர்ல இருக்கிறது குறில் எ, நெவ்யெஸ்தால இருக்கிறது பழைய ஏ. ரஷ்யன்ல 1918 வரைக்கும் இந்த ரெண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்தே இருந்தது, எழுத்துச் சீர்திருத்தத்துலதான் அந்த ஏ எழுத்த எடுத்தாங்க, நெவ்யெஸ்தாவ அதுவரைக்கும் அந்த எழுத்துலதான் எழுதியிருக்காங்க. அர்த்தம் எவ்வளவு இனிப்பா இருந்தாலும் உயிரெழுத்து ஒத்துவரணும்னு பிப்ரவரி 23ல நானேதான் எழுதினேன், அது எனக்கும் சேர்த்துத்தான்.

கல்யாணப் பொண்ணுகிட்ட நேத்து லஞ்ச்ல இதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்ப என் மாமியாருக்கு நான் இன்னும் நெவ்யெஸ்தாதான்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

மார்ச் 8, ராத்திரி

9ஆம் தேதிக் குறிப்புக்கு மேல இருக்கிற எதையும் அழிக்கல, சோவியத் தப்பு உட்பட. பொண்ணு காட்டிக்குடுத்த அந்த வரிய என் நோட்டுல திருத்தியாச்சு, 'வ்யெத்தா - வாக்கியம்', அவதான் பச்சை ஸ்கெட்ச்ல அந்த 'த்'தப் போட்டா.